ஒரு பிடி தவிடு

மேகம் ஜன்னல் வழியாக வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்துகொள்ளும் ஊர் அது. தேயிலைக்கு நடுவே, பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அறை. சொல்லிக்கொடுப்பவள் ஹெப்சிபா. அன்று மழைக்குப் பயந்து யாரும் வரவில்லை, அமலோற்பவத்தைத் தவிர.

அமலோற்பவம் மிஸ்ஸைவிட மூத்தவள். கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டேதான் பாடம் கேட்பாள். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும்.

முதல் பிள்ளை, தூளியில் போட்ட இடத்திலேயே மூச்சடங்கிப் போயிற்று. அதனால் இவன் பிறந்ததிலிருந்து இவனை அவள் கீழே விட்டதே இல்லை. இரவிலும் மடியில்தான். அன்று காலை சரிவில் நடந்து வரும்போதே தூங்கிவிட்டாள். ஒரு வேர் தடுக்கி விழிப்பு வந்தபோது, பிள்ளை கையிலிருந்து பாதி நழுவியிருந்தான்.

“‘புட் டவுன்’ படிச்சிட்டீங்களா, அக்கா?”

“படிச்சிட்டேன் மிஸ். எழுதி வைக்கிறது. ஒருத்தரை நாலு பேர் முன்னாடி மட்டம் தட்டுறது. கலகத்தை அடக்குறது. தேறாத நாயை ஊசி போட்டு...” நிறுத்தினாள். “ஏன் மிஸ், வெள்ளைக்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா? எல்லாத்தையும் ஒண்ணுலயே திணிச்சு வெச்சிருக்கான்!”

ஹெப்சிபா சிரித்தாள். “முதல் அர்த்தத்தை விட்டுட்டீங்களே.”

“எது?”

“கையில இருக்கறதைக் கீழ வைக்கிறது.”

அமலோற்பவத்தின் பிடி இறுகியது. குழந்தை சிணுங்கியது.

“அது எனக்கு வேணாம் மிஸ். மத்ததைக் கேளுங்க.”

வெளியே மரங்கள் ஒவ்வொன்றாக மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. ஹெப்சிபா எழுந்து பின்பக்கம் போனாள். ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளி வந்தாள்.

“முந்தானையை நீட்டுங்க அக்கா.”

அமலோற்பவத்துக்குப் புரிந்துவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை வேறொருத்தி ஒரு பிடி தவிட்டுக்கு வாங்கிக்கொள்வாள். அப்புறம் அது அவள் பிள்ளை. சாவு வந்து கேட்டால், பெற்றவளிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

“கான்வென்ட்ல படிச்சவங்க... நீங்க போய் இதை நம்புறீங்களா?”

“நான் நம்புறதை விடுங்க. விக்கிறீங்களா, இல்லையா?”

ஒரு கையால் பிள்ளையை இறுக்கியபடியே மறு கையால் முந்தானையை நீட்டினாள். தவிடு விழுந்தது.

ஹெப்சிபா தன் கம்பளிச் சால்வையைத் தரையில் விரித்து, குழந்தையை அவளிடமிருந்து வாங்கி அதில் கிடத்தினாள்.

“இது என் பிள்ளை. நான் கீழ வைக்கிறேன். நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க.”

அமலோற்பவத்தின் கைகள் மட்டும் இன்னும் பிள்ளையைச் சுமப்பதுபோலவே வளைந்திருந்தன. மண்டியிட்டாள். ஒரு துண்டு மேகம் உள்ளே வந்து குழந்தையின் பக்கத்தில் படுத்தது. சின்ன வயிறு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிச் சோம்பல் முறித்தான். பிள்ளை இவ்வளவு நீளமென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மெல்லச் சாய்ந்து அவன் பக்கத்தில் தலையை வைத்தாள்.

“மிஸ்... கீழ வெச்சதைத் திரும்ப எடுக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“அது அடுத்த பாடம் அக்கா. எழுந்ததும் சொல்றேன்.”

“அவன் எழுந்ததுமா?”

“நீங்க எழுந்ததும்.”