ஏழு ஆலிலைக் கணக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, குன்றையூர்ச் சீமையைச் செங்கோடன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மகள் குமுதவல்லிக்கு ஐந்து வயது. அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர அனந்தகோடிப் பண்டிதர் வந்ததிலிருந்து, விடிந்தால் அடைந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே ராகம். நடுவில் ஒருத்தர் தும்மினால்கூட மறுபடி ஒன்றிலிருந்து பாட வேண்டும். அது பண்டிதர் வைத்த சட்டம். காவல்காரன் நின்றபடியே தூங்கினான். கூண்டுக் கிளிக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

குழந்தை நூறு வரைக்கும் பாடுவாள். "தட்டிலே எத்தனை அதிரசம்?" என்று கேட்டால் முழிப்பாள்.

சலித்துப்போன ராஜா ஒருநாள் மகளைப் பார்த்து, "ஆடி மாசம் முடியட்டும். தேறவில்லை என்றால் ஐந்து வருஷம் பண்டிதரோடு மலைக்கோட்டையில் கிட!" என்று சபையிலே சொல்லிவிட்டான். தாயில்லாப் பிள்ளை. சொன்ன நாளிலிருந்து அவனுக்கே சோறு இறங்கவில்லை.

பாட்டுக்குப் பயந்த குழந்தை மடைப்பள்ளிக் கொல்லைக்கு ஓடுவாள். அங்கே உலகம்மை என்று ஒருத்தி பந்திக்கு இலைத் தட்டு தைப்பாள். சுற்றி ஆறு ஆலிலை, நடுவில் ஒன்று, ஈர்க்குக் குச்சியால் தைத்தால் ஒரு தட்டு.

ஆடி கடைசி நாள் பண்டிதர் சபைக்கு ஓடிவந்தார். "அரசே! இலை தைக்கிறவள் இளவரசியைக் கெடுத்துவிட்டாள்!"

ராஜா உலகம்மையைக் கூப்பிட்டுவிட்டான். அவள் குழந்தையையும் ஆலிலைக் கட்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "என்னம்மா செய்தாய் என் பிள்ளையை?"

"ஒண்ணும் செய்யலீங்க மகாராஜா. பிள்ளைக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. சேர்ந்து உக்காந்து தைச்சோம்." உலகம்மை பத்து ஆலிலையைக் கீழே வைத்தாள். "ரெண்டு தட்டு தைக்கணும். இன்னும் எத்தனை இலை வேணும்? பண்டிதரும் பிள்ளையும் சொல்லட்டும்."

"தட்டுக்கு ஏழுதானே? இதென்ன பிரமாதம்!" பண்டிதர் கண்ணை மூடி ராகம் எடுத்தார். ஒன்பதிலே ராஜா கொட்டாவி விட்டான். பண்டிதர் மறுபடி ஒன்றிலிருந்து வந்தார். ஆறிலே மந்திரி கொட்டாவி விட்டார். மறுபடி ஒன்று.

குமுதவல்லி தரையிலே ஏழு இலையைப் பரப்பினாள். மிச்ச மூன்றைப் பக்கத்தில் வைத்து, காலி இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் நாலு, அப்பா."

ராஜா மகளை வாரித் தூக்கிக்கொண்டான். "மலைக்கோட்டையாவது, மண்ணாங்கட்டியாவது!"

"இலை பரப்புவது ஒரு வித்தையா?" என்று பண்டிதர் சீறினார்.

"அப்படியா? இன்றைக்கு நீர் தைத்த தட்டிலேதான் உமக்குச் சாப்பாடு" என்றான் ராஜா.

பந்தியிலே ரசம் ஊற்றினார்கள். ஊற்றின ரசம் பண்டிதர் மடியிலே நின்றது. குமுதவல்லி எட்டிப் பார்த்தாள். "வாத்தியாரய்யா, ஆறுதான் இருக்கு. நடு இலை எங்கே?"

வெகு நாளைக்கப்புறம் ராஜா சிரித்தான். "உலகம்மா, இனி நீதான் இவளுக்கு வாத்தியார். வேறென்ன வேணும்?"

"அந்த ராகத்தை நிறுத்தச் சொல்லுங்க. செத்த நேரம் படுத்துக்கணும்."

நிறுத்தினார்கள். பட்டப்பகலிலே அரண்மனையே தூங்கியது. குமுதவல்லி மட்டும் குறட்டைகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். எட்டாவது குறட்டையிலே யாரோ தும்மினார்கள்.

"ஒன்பது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள்.