மகாராணி ஏறவிருந்த ரதம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்டுவந்த குணபாலர் என்ற மன்னரின் மகாராணி செங்கமலம், கல்யாணமாகி வெகு காலம் கழித்துக் கர்ப்பமானாள். மன்னருக்குத் தரையில் கால் பாவவில்லை. சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. "மகாராணிக்கு யார் எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவரே முதலில் அதை அனுபவித்துக் காட்ட வேண்டும்!" என்று ஆணை போட்டுவிட்டார்.

அரசர் ஆணைக்கு எதிர்ப்பேச்சு ஏது? பிரசவ லேகியம் கொண்டுவந்த வைத்தியர் அதைத் தானே உருட்டி விழுங்கினார். மெத்தை கொண்டுவந்தவன் அதில் படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினான். வளையல் கொண்டுவந்த முறுக்குமீசைப் பொற்கொல்லர், இரண்டு கையிலும் வளையல் குலுங்க அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பார்த்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தச் சபையின் விகடகவி மருதக்கூத்தர். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத மகாராணி அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். "பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் அண்ணா, உங்கள் மடிதான்" என்று ஒருநாள் சொன்னாள். ஊரையே கேலி பேசிப் பிழைக்கிற மனிதர் அன்றைக்குக் கேலியை மறந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

வளைகாப்பு முடிந்தது. மகாராணி தாய்வீடு போக வேண்டும். போகிற வழியோ மலைக் கணவாய். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். "நல்ல ரதம் வேண்டுமே!" என்று மன்னர் சொல்லி வாய் மூடவில்லை, லாயத்து அதிகாரி சேனைராயர் எழுந்துவிட்டார். மன்னர் கூத்தரைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இந்தச் சேனைராயருக்கு நெஞ்சு எரியும். எத்தனை சுக்குக் கஷாயம் குடித்தும் தீராத எரிச்சல் அது. நல்ல பெயர் வாங்க இதுதான் சமயம் என்று, ரத்னாகரன் என்ற வணிகனை ஒரு ரதத்தோடு கூட்டிவந்தார்.

"மகாராஜா! ஒரே கை ஓட்டிய ரதம். ஒரு ஜமீன்தாரிணி வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்வந்தாள், அவ்வளவுதான். புதிது போலவே இருக்கிறது, பாருங்கள்" என்றான் ரத்னாகரன்.

சபையே கூடிப் பார்த்தது. ஜோதிடர் அது எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று பார்த்தார். புலவர் மணிகளின் ஓசைக்கு ஒரு விருத்தம் பாடினார். புரோகிதர், பல்லி சொன்னது நல்ல பக்கம்தான் என்றார். பட்டு அழுக்காகுமே என்று ஒருவர்கூடக் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

"உள்ளது உள்ளபடி தருகிறேன் மகாராஜா. பின்னால் குறை சொல்லக் கூடாது" என்று வணிகன் வெற்றிலை பாக்கை நீட்டினான். அந்த நாட்டில் தாம்பூலம் மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு விற்றவனே விலையை வாங்க மறுத்தால்தான் வியாபாரம் முறியும். எந்த வணிகன் மறுக்கப் போகிறான்? மன்னர் தாம்பூலம் மாற்றிக்கொண்டார்.

சேனைராயர் ஓரக்கண்ணால் கூத்தரைப் பார்த்தார். "மன்னர் வாக்குக் கொடுத்த பின், குறை சொல்வதையே தொழிலாகக் கொண்ட சிலர்..." என்று இழுத்தார்.

"இந்த ரதத்தைக் குறை சொல்கிறவன் எவனாயினும் நாடு கடத்தப்படுவான்!" என்றார் மன்னர்.

எல்லோரும் கலைந்த பிறகு கூத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரதத்தின் அடியில் மல்லாந்து படுத்தார். அச்சு புதுச் சாயத்தில் மினுமினுத்தது. ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் மேடு தட்டியது. நகத்தால் சுரண்டினார். உள்ளே அரக்கு! அரக்குக்கு உள்ளே விரல் நுழையும் அளவு வெடிப்பு. கணவாய் இறக்கத்தில் இது முறிந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வாய் திறந்து சொன்னால் நாடு கடத்துவார்கள், போகட்டும், போய்விடலாம். ஆனால் 'பொறாமையில் சொல்கிறான்' என்று தள்ளிவிட்டு அவளை இதே ரதத்தில் ஏற்றி அனுப்பினால் என்ன செய்வது?

பயண நாள் வந்தது. விலையை வாங்கிப்போக ரத்னாகரனும் வந்திருந்தான். மகாராணி மெல்ல நடந்து வாசலுக்கு வந்தாள். கூத்தர் ஓடிவந்து ரதத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார்.

"மன்னா! இப்படியொரு ரதத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை. ஆகையால் தங்கள் ஆணைப்படி, கொண்டுவந்தவர்கள் முதலில் ஏறிக் கணவாய் இறக்கத்தில் ஒரு ஓட்டம் ஓடிக் காட்டட்டும்."

"அந்த ஆணை தின்பண்டங்களுக்கு!" என்றார் சேனைராயர்.

"வளையல் தின்பண்டமா ஐயா? பொற்கொல்லரைக் கேளுங்கள்."

பொற்கொல்லர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மன்னர் சிரித்துவிட்டு, "கூத்தர் சொல்வது சரி. இருவரும் ஏறுங்கள்" என்றார்.

சேனைராயர் மீசையை நீவிக்கொண்டு கம்பீரமாக ஏறினார். பாவம், அச்சு விஷயம் அவருக்குத் தெரியாது. ரத்னாகரனுக்குத்தான் கால் எழவில்லை. "எனக்குத் தலைசுற்றல் உண்டு மகாராஜா... இன்று அஷ்டமி வேறு..." என்று ஏதேதோ சொன்னான். பிடித்து ஏற்றினார்கள். சாரதி சாட்டையை ஓங்கினானோ இல்லையோ, வணிகன் ரதத்திலிருந்து குதித்து மன்னர் காலில் விழுந்தான்.

"இறக்கம் வேண்டாம் மகாராஜா! அச்சு வெடித்திருக்கிறது... அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறேன்!"

சேனைராயர் இறங்கிய வேகத்தில் தலைப்பாகை ரதத்திலேயே தங்கிவிட்டது. மன்னர் மகாராணியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இதிலா என் செங்கமலத்தை ஏற்ற இருந்தேன்? ரதத்தை எடுத்துக்கொண்டு போ!"

உயிர் பிழைத்ததும் வணிகனுக்குப் புத்தி வியாபாரத்துக்குத் திரும்பியது. "உள்ளது உள்ளபடி என்று தாம்பூலம் மாற்றினோமே மகாராஜா. விலையைக் கொடுத்துவிட்டால் போய்விடுவேன்" என்றான்.

கொடுத்த வாக்கு. மன்னர் கூத்தரைத் திரும்பிப் பார்த்தார். கூத்தர் முன்வந்து, "வாக்கு வாக்குதான். நானே விலையைக் கொண்டுவருகிறேன்" என்று பொக்கிஷசாலைக்குப் போனார். திரும்பியபோது காவலர் இருவர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பச்சையும் சிவப்புமாகப் பூவேலை செய்த பெட்டி, சாயம் பளபளத்தது.

"இந்தாருங்கள் விலை. உள்ளது உள்ளபடி. திறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வெற்றிலை பாக்கை நீட்டினார் கூத்தர்.

வணிகன் பெட்டியைப் பார்த்தான், கூத்தரின் முகத்தைப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "திறந்து காட்டுங்கள்" என்றான்.

"நாங்கள் உம்முடைய அச்சைச் சுரண்டிக் காட்டச் சொன்னோமா?"

"அதெப்படி ஐயா? மேலே சாயம் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ, யார் கண்டது? பார்க்காமல் வாங்க நான் என்ன முட்டாளா? இந்த விலை எனக்கு வேண்டாம்!"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. 'பார்க்காமல் வாங்கிய முட்டாள்' யாரென்று அவருக்குத் தெரியும்.

"விலை வேண்டாம் என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டாய். வியாபாரம் முறிந்தது. ரதத்தோடு கிளம்பு" என்றார்.

அதன் பிறகுதான் கூத்தர் பெட்டியைத் திறந்தார். விளிம்பு வரை பொன். ரத்னாகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மன்னர் திகைத்தார். "கூத்தரே! அவன் சும்மா வாங்கிக்கொண்டு போயிருந்தால்?"

"ஏமாற்றத் தெரிந்தவனுக்கு நம்பத் தெரியாது மன்னா."

அப்போது சிரிக்கத் தொடங்கிய மன்னர் வெகுநேரம் நிறுத்தவில்லை. "அந்தப் பொன் முழுவதும் உமக்குத்தான். சேனைராயரே, அதை அவர் வீடுவரை நீர் சுமந்து போய்க் கொடும்" என்றார். சேனைராயர் வெறுந்தலையோடு பெட்டியைத் தூக்கினார். அவருக்கும் உள்ளூர நன்றிதான். கணவாயில் முதலில் உருண்டிருக்க வேண்டியது அவர் தலையல்லவா?

அரண்மனையின் பழைய கூண்டு வண்டியைப் பூட்டிக் கொண்டுவந்தார்கள். மகாராணி படியில் கால் வைக்கப் போனவள் நின்றாள். மன்னரைக் காணோம். குனிந்து பார்த்தால், பட்டும் பீதாம்பரமுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். கிரீடம் புழுதியில் கிடக்கிறது. மன்னர் படுத்த பின் சபையார் நிற்கலாமா? ஜோதிடர், புலவர், புரோகிதர் எல்லோரும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள்.

"எழுந்து வாருங்கள், நல்ல நேரம் போகிறது!" என்றாள் மகாராணி, சிரிப்பை அடக்க மாட்டாமல்.

"நல்ல நேரம் போனால் இன்னொன்று வரும் செங்கமலம். நீ போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் பொறு, அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று வண்டிக்கு அடியிலிருந்து மன்னரின் குரலும், அதைத் தொடர்ந்து அவருடைய சிரிப்பும் கேட்டன.