தாகமே எடுக்காத பெருவழி

மேலைக்கோட்டையை ஆண்ட நெடுங்குன்ற மன்னருக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். பெருவழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோரும் பானகமும் இலவசம் என்று அறிவித்திருந்தார். ஒருநாள் அவற்றைப் பார்வையிடப் பல்லக்கில் புறப்பட்டார். கூடவே தாரை, சங்கு, குடை, சாமரம், ஒரு புலவர், தளவாய் மருதவாணர், விகடர் ஆவுடையப்பன். விகடரின் வேலை மன்னரைச் சிரிக்க வைப்பது. தளவாயின் வேலை விகடரை ஒழிக்க வழி தேடுவது.

முதல் பந்தலில், வளையல் மூட்டையோடு வந்த ஒரு பெண்ணை மன்னர் நிறுத்தினார். தம் கையாலேயே ஒரு செம்பு மோரை நீட்டினார்.

“வேண்டாம் சாமி. தாகமில்லை” என்றாள் அவள். பெயர் சொர்ணத்தம்மை.

சித்திரை வெயில். அவள் உதடு வெடித்திருந்தது. நின்ற இடத்திலேயே லேசாகத் தள்ளாடினாள். தாகமில்லையாம்!

மன்னர் முகம் சுருங்கியது. தளவாய் விடுவாரா?

“இவள் மட்டுமில்லை மன்னா! இந்த வழியில் போகிற பெண்கள் ஒருத்தியும் நம் பந்தலில் வாய் நனைப்பதில்லை. எல்லாம் பகைநாட்டான் தூண்டுதல்!”

“அப்படியா சங்கதி? இனி என் தண்ணீரை மறுப்பவர் யாராக இருந்தாலும் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுங்கள். இவளிலிருந்தே தொடங்குங்கள்!”

சொர்ணத்தம்மை தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை ஆண்கள் நடுவில் அவள் எதைச் சொல்வாள்?

அவள் மறுத்த காரணம் ஆவுடையப்பனுக்குத் தெரியும். அவர் மனைவியும் தாய்வீட்டுக்குக் கிளம்புகிற நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடமாட்டாள். போய்ச் சேர்ந்ததும் தலைவலியில் சுருண்டு படுப்பாள். கள்வர் ஒளிகிறார்கள் என்று சொல்லி, தளவாய் வழியின் இருபுறமும் புதர் ஒன்று விடாமல் வெட்டி மொட்டையடித்திருந்தார். ஆண்கள் எப்படியோ முதுகைக் காட்டி ஒப்பேற்றினார்கள். பெண்கள் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். இதை மன்னர் முன் வாய்விட்டுச் சொல்வது மரியாதைக்கு அடுக்காது. சொன்னாலும் சிரித்துத் தள்ளிவிடுவார்.

“மன்னா, கழுதை வர நேரமாகும். அதற்குள் பந்தலுக்குப் பந்தல் தாங்களே ஒரு செம்பு அருந்திக் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் மறுக்கிறவர்கள் தப்பவே முடியாது” என்றார்.

“சபாஷ்! உருப்படியாக ஒரு யோசனை சொன்னீரே!”

அங்கேயே ஒரு செம்பு மோர் உள்ளே போயிற்று. மன்னர் மீசையைத் துடைத்துக்கொண்டார். காவலர்கள் சொர்ணத்தம்மையையும் கூட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த பந்தலில் பானகம். “இது சின்னச் செம்பு அல்லவா? மன்னர் தர்மத்துக்குப் பெரிய செம்புதான் அழகு” என்றார் விகடர். பெரிய செம்பு வந்தது.

அதற்கடுத்த பந்தலில் வெட்டிவேர்த் தண்ணீர். அதையும் குடித்த பிறகு மன்னர் பல்லக்கில் கால்மேல் கால் போட்டார். காலை மாற்றிப் போட்டார். “ஏனடா இப்படிக் குலுக்குகிறீர்கள்?” என்று பல்லக்குத் தூக்கிகள்மேல் எரிந்து விழுந்தார்.

ஆவுடையப்பன் புலவர் பக்கம் திரும்பினார். “புலவரே, மன்னருக்கு அலுப்பாக இருக்கிறது. நம் நாட்டு அருவிகளைப் பற்றி ஒரு பாட்டுப் பாடும்.”

புலவர் சோவென்று கொட்டுகிற அருவியைப் பாடப் பாட, மன்னர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது.

மறு பந்தல் வந்தது. ஆவுடையப்பன் செம்பை நீட்டினார்.

“வேண்டாம்.”

“ஏன் மன்னா?”

“தாகமில்லை!”

பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. சொர்ணத்தம்மை.

“எனக்கும் இதே தாகமில்லைதான் சாமி!” என்றாள்.

மன்னர் அவளைப் பார்த்தார். விகடரைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

“ஓய், என்னைக் கழுதையில் பிறகு ஏற்றலாம். முதலில் ஒதுங்க ஓர் இடம் காட்டும்!”

“எங்கே மன்னா காட்டுவேன்? தளவாய் ஒரு புதரைக்கூட விட்டு வைக்கவில்லையே!”

மன்னர் பொறுக்கமாட்டாமல் கீழே குதித்தார். அரசர் கால் தரையில் பட்டால் சங்கு ஊத வேண்டும், வழியில் இருப்பவர்கள் எல்லோரும் அவர் முகம் பார்த்துக் கைகூப்ப வேண்டும். அதுதான் முறை. சங்கூதி பழக்கதோஷத்தில் ஊதித் தொலைத்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள் நின்றன. அத்தனை பேரும் மன்னரைப் பார்த்துக் கும்பிட்டபடி அசையாமல் நின்றார்கள். மன்னருக்கு அழுகையே வந்துவிட்டது.

சொர்ணத்தம்மைக்குத்தான் மனம் இளகியது. “பந்தல் தட்டியப் பிரிங்கய்யா! நாலு பக்கமும் புடிங்க! எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்குங்க!” என்று ஓர் அதட்டல் போட்டாள். படையே அவளுக்குக் கீழ்ப்படிந்தது.

சற்று நேரத்தில் மன்னர் வெளியே வந்தார். அன்றுதான் முடிசூட்டிக்கொண்டவர்போல முகம் மலர்ந்திருந்தது. “அம்மா, தினமும் இப்படியா நடக்கிறீர்கள்?” என்று அவளிடம் கேட்டார்.

அவள் அந்தத் தட்டி மறைப்பை ஒருமுறை பார்த்தாள். செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். “இன்னொண்ணு குடுங்க” என்றாள்.

தண்டனை ரத்தானது. பந்தலுக்குப் பந்தல் சுவர் எழுப்பி, கதவு போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக மறைப்பிடம் கட்ட அங்கேயே உத்தரவாயிற்று.

“ஆவுடையப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“பொன் வேண்டாம் மன்னா. தர்மம் என்றால் வாசலில் கல் நட்டு, அதற்குக் காரணமானவர் பெயரைச் செதுக்குவது நம் வழக்கம். இதற்கு யார் பெயர் என்று சொல்லும் உரிமையை எனக்குத் தாருங்கள். பெருவழியை வெட்டவெளியாக்கி, இந்தத் தர்மத்தின் அருமையை நாட்டுக்கே உணர்த்திய ஒருவர் இங்கே இருக்கிறார்.”

தளவாய்க்கு முகம் வெளிறியது. மன்னர், இப்போது பயமில்லாமல், வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்படியே ஆகட்டும்! எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்!”

அதற்குப் பிறகு அந்தப் பெருவழியில் பெண்கள் வயிறாரத் தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு வண்டிக்காரரிடம் கூச்சமில்லாமல் சொன்னார்கள்:

“அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. தளவாயைப் பார்த்துட்டு ஓடியாந்துடறேன்!”