தெளிந்த நீர் கேட்ட தவளை

ஒரு காட்டின் நடுவே குட்டை ஒன்று இருந்தது. அதில் ஒரு தவளை தன் தலைப்பிரட்டைக் குஞ்சுகளோடு குடியிருந்தது. தினமும் உச்சிவெயிலில் எருமை வந்து நீரில் புரளும். குட்டை முழுதும் சேறாகக் கலங்கிவிடும். தவளை அதைப் பார்த்து வாய் ஓயாமல் முணுமுணுக்கும்.

ஒருநாள் கரையோர மரத்து மீன்கொத்தி காட்டு விலங்குகளையெல்லாம் ஒன்றுகூட்டியது.

"நம் குட்டையில் தெளிந்த நீர் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பவர்கள் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வேண்டாம் என்பவர்கள் மேற்கே போங்கள்" என்றது.

தெளிந்த நீரை யார்தான் வேண்டாம் என்பார்கள், பிள்ளைகளே? மானும் முயலும் மயிலும் முண்டியடித்துக்கொண்டு கிழக்கே போயின. ஆமை மட்டும் பாதி வழியில் நின்று, நீரை எப்படித் தெளியவைப்பது என்று கேட்டது.

"வேண்டுமா வேண்டாமா, அதை முதலில் சொல். எப்படி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றது மீன்கொத்தி.

ஆமையின் தயக்கத்தைப் பார்த்துத் தவளைக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்க அதற்கு வெகுநாள் ஆசை. ஒரே தாவில் கிழக்குக் கரைக்குப் போய்விட்டது. மேற்கே எருமை தனியாக நின்றது.

மறுநாள், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லி, எருமையை மீன்கொத்தி விரட்டிவிட்டது. எருமை சண்டை போடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டது. சேறு அடியில் படிந்தது. தவளை ஆசைதீரத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது.

மீன்கொத்தியும் குட்டையைப் பார்த்தது. நீந்திய ஒவ்வொரு குஞ்சும் அதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. கிளையிலிருந்து பாய்ந்து பாய்ந்து கொத்திக்கொண்டு போனது.

தவளைக்குப் பழைய உச்சிவேளைகள் நினைவுக்கு வந்தன. எருமை தொப்பென்று விழும். நீர் இருண்டு வெதுவெதுப்பாகும். அந்தச் சேற்று மறைவில் குஞ்சுகள் பயமில்லாமல் கும்மாளமிடும். எருமையின் முதுகில் ஏறி உட்கார்ந்து தானும் பாடியதை நினைத்து நினைத்துத் தவளை அழுதது. அவைதாம் எவ்வளவு நல்ல நாட்கள்! அன்று அதற்கு அது தெரியவில்லை.

கடைசியில் காட்டின் மறுகோடிக்குத் தத்தித் தத்திப் போனது. அங்கே வேறொரு குட்டையில் எருமை சுகமாகப் படுத்திருந்தது.

"அண்ணா, திரும்பி வந்துவிடு. நாங்கள் தெளிந்த நீரைத்தான் கேட்டோம். உன்னைப் போகச் சொல்லவில்லையே" என்றது தவளை.

"நீரைக் கலக்கியவன் நான்தானே, தங்கச்சி. வேறு யாரைப் போகச் சொன்னீர்கள்?" என்றது எருமை. பிறகு மனம் இளகி எழுந்தது.

"சரி, வருகிறேன். குஞ்சுகள் இன்னும் எத்தனை இருக்கின்றன?"

தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் குட்டையை நோக்கித் தத்தத் தொடங்கியது.

நீதி: ஒன்றை வேண்டும் என்று சொல்லும் முன், அதற்காக எதை இழக்கப் போகிறோம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.