பட்டைக்கு முன்னால் வந்த கை

ஒன்று கேட்கிறேன், சொல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்தால் "போதும்" என்று உங்களுக்குச் சொல்வது எது? வயிறா, நாக்கா, பக்கத்து இலைக்காரரா?

அம்சவல்லிக்கு அதைச் சொன்னது ஒரு பட்டை.

அவள் விருத்தாசலத்தில் தையல்கடை வைத்திருப்பவள். ஒரு காலத்தில் அவள் ஏறினால் ஷேர் ஆட்டோக்காரர் பின்சீட்டில் வேறு ஆள் ஏற்றமாட்டார். மூட்டு வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு. கடைசியில் சென்னைக்குப் போய், இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு பட்டை போட்டுக்கொண்டாள். இரண்டு வாய்க்கு மேல் மூன்றாவது வாய் போனால் பட்டை நெஞ்சைப் பிடிக்கும். அவள் நிறுத்திவிடுவாள். உடம்பு பாதியானது. மொபெட் ஓட்டினாள். பழைய ரவிக்கைகளைப் பிரித்துத் தலையணை உறை தைத்தாள்.

ஏழு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு பட்டை நழுவிவிட்டது. இட்லி அடைத்தது. படுத்தால் புளிப்பு தொண்டைக்கு வந்து இருமினாள். கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாள். அவள் கணவர் சிற்றம்பலம் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பாலிதீன் பை மடித்து வைத்திருந்தார்.

டாக்டரம்மா, இறுக்குவதற்காகப் பட்டைக்குள் நிரப்பியிருந்த நீரை எல்லாம் எடுத்துத் தளர்த்திப் பார்த்தார். சரியாகவில்லை.

"எடுத்துடுறதுதான் நல்லது. ஆனா எடை திரும்ப ஏறலாம், மறைக்க மாட்டேன். ரொம்பத் தள்ளிப்போடாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்து யோசித்து அம்சவல்லிக்குத் தலைதான் வலித்தது. சாமியிடம் போனாள்.

மணிமுத்தாற்றங்கரையில் ஓர் அன்னசாலை. அதை நடத்துகிறவரை எல்லோரும் கண்டக்டர் சாமி என்பார்கள். முன்னால் மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காவி கட்டியும் பழக்கம் போகவில்லை. பந்தி நிரம்பினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார். வயதில் அம்சவல்லியைவிடச் சிறியவர். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். ஆனாலும் அவளுக்குக் குரு அவர்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, காய் நறுக்கி, அவர் சொல்வதைக் கேட்டுப் போவாள்.

அன்றைக்குக் காய் நறுக்கவில்லை.

"சாமி, பட்டையை எடுக்கவா, வேண்டாமா?"

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"எடுங்கன்னுதான் சொல்றாங்க."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு?"

"எடுத்துட்டா எனக்கு யாரு போதும்னு சொல்றது சாமி?"

சாமி சிரிக்கவில்லை. சாதப் பேசினை அவள் கையில் கொடுத்தார்.

"இந்தப் பந்திக்கு நீங்க போடுங்க."

அந்த அன்னசாலையில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் யாரும் பேசக் கூடாது. போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்ட வேண்டும். கை வரும்வரை பரிமாறுகிறவர் நிறுத்தக் கூடாது.

அம்சவல்லி போட்டுக்கொண்டே போனாள். ஒரு பாட்டிக்கு ஒரு கரண்டியில் கை வந்தது. ஒரு பையனுக்கு மூன்றில் வந்தது. நாலாவது வரிசையில் வீரபாகு உட்கார்ந்திருந்தார். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், மூட்டை மாதிரியே இருப்பார். அவருக்குப் போட்டாள், போட்டாள், கை வரவில்லை. இலையில் மலை மாதிரி குவிந்தது. அம்சவல்லி அவர் வயிற்றைப் பார்த்தாள். பேசினைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

வீரபாகு தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

சாமி வந்து அவளைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"அவருக்கு அது அதிகம் சாமி. உடம்பைப் பாருங்க."

"அவர் உடம்பு உங்க வேலையா?"

"நிறுத்தலேன்னா அவர் நிறுத்தவே மாட்டார். எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அம்சவல்லி பேசினை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"போய்ப் போடுங்க."

போனாள். ஒரு கரண்டி போட்டாள். வீரபாகுவின் கை இலைக்கு மேல் வந்து நின்றது.

அவ்வளவுதான். ஒரு கரண்டிதான் பாக்கி இருந்திருக்கிறது.

அடுத்த பந்தியில் சாமி அவளை உட்காரச் சொன்னார். "சாப்பிட வேண்டாம். இலைக்கு முன்னால உக்காருங்க, போதும்." பேசினை அவரே எடுத்து வந்தார்.

ஒரு கரண்டி விழுந்தது. அம்சவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விழுந்தது. கையைக் கொஞ்சம் தூக்கினாள். இது கூடவா, குறைவா? தெரியவில்லை. கையை இறக்கினாள். மூன்று, நாலு. மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். சாதம் இலையைத் தாண்டித் தரையில் விரித்திருந்த தாளுக்கு வழிந்தது. பந்தியே சாப்பிடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

சாமி பேசினைக் கீழே வைத்தார்.

"கை எங்கக்கா?"

"எவ்வளவு வேணும்னு தெரியலை சாமி." அவள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டு வாய் போனா உள்ள அது பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் நிறுத்துவேன்."

"அதுக்கு முன்னாடி எதைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"முன்னாடி எங்க நிறுத்துனேன்? சட்டி காலியானா நிறுத்துவேன்."

கூட வந்திருந்த சிற்றம்பலம் தூரத்திலிருந்து, "நான் சாப்பிட்டேனான்னு கேட்டதே இல்லை சாமி" என்றார்.

"நீங்க பேசாதீங்க, பந்தி நடக்குது" என்றாள் அம்சவல்லி.

சாமி இலையைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்தார். அவள் தொடாத சாதம்தானே. சாம்பார் ஊற்றச் சொல்லி அந்த மலையைச் சாப்பிட ஆரம்பித்தார்.

"அப்போ நீங்க மறக்கலைக்கா. இன்னும் கத்துக்கவே இல்லை."

"இந்த வயசுக்கு மேலயா?"

"நான் கல்யாண வயசு தாண்டித்தான் சோறு வடிக்கக் கத்துக்கிட்டேன். முதல் நாள் வடிச்சதை நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை வாங்க. கிண்ணம் கொண்டாங்க."

அடுத்த வெள்ளி அவள் கிண்ணத்தோடு வந்தாள். சாமி குழைய வடித்த மோர்சாதம் வைத்திருந்தார். ஒரு சின்னக் கரண்டி போடுவார். அவள் சாப்பிடுவாள். இன்னொரு கரண்டி போடுவார்.

"பட்டை சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லணும்" என்றார். "அவ்வளவுதான் பாடம்."

அன்றைக்குப் பட்டைதான் முந்தியது. நெஞ்சு பிடித்து, கொல்லைப்புறம் ஓடினாள். சிற்றம்பலம் பையோடு பின்னால் ஓடினார்.

அதற்கடுத்த வெள்ளி முதல் கரண்டியிலேயே கை நீட்டினாள். "ஜெயிச்சுட்டேன்" என்று சிரித்தாள். வீடு போய்ச் சேருவதற்குள் பசி காதை அடைத்தது. கரைந்த ஐஸ்கிரீமை வாங்கிக் கப் கப்பாகக் குடித்தாள். அது மட்டும் பட்டையில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். மறுவாரம் அதை மறைக்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு நீட்டுனது கை இல்லைக்கா, பயம். பட்டைக்குப் பயந்து நீட்டுனது. பயம் வேற, போதும் வேற. மெதுவா மெல்லுங்க. என்னைப் பாக்காதீங்க, கிண்ணத்தையும் பாக்காதீங்க."

"அப்போ எதைப் பாக்கறது?"

"ஆத்தைப் பாருங்க. தண்ணி இல்லேன்னாலும் ஆறு ஆறுதான்."

இப்படி எத்தனை வெள்ளி போனதோ, யாரும் எண்ணவில்லை. முந்துவது சில நாள் பட்டையாக இருந்தது, சில நாள் பயமாக இருந்தது. ஒருநாள் கோபத்தில் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தாள். அது உருண்டு போய் வீரபாகுவின் காலில் முட்டியது. அவர் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். "அடுத்த தடவை மெதுவா எறிங்க, நசுங்கிடும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கே தெரியாமல் உள்ளே இறுகியிருந்த ஏதோ ஒன்றை அந்தச் சிரிப்பு தளர்த்திவிட்டது போல இருந்தது. சாமி கரண்டியை எடுத்தார்.

ஒன்று. மென்றாள். இன்னொன்று. மென்றாள். ஆற்று மணலில் இரண்டு ஆடுகள் முட்டிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே அந்த வாயை விழுங்கினாள்.

கரண்டி வந்தது. கிண்ணத்துக்கு மேல் ஒரு கை இருந்தது.

அம்சவல்லி குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். யாருடைய கை என்பது போலப் பார்த்தாள். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை, அடைக்கவில்லை. பட்டை இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"சாமி."

"ம்."

"நான்தான் நீட்டினேன்."

"பாத்தேன்."

அவள் எழுந்து கைகழுவும் குழாயடிக்குப் போனாள். ஈரக் கையோடேயே போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "எடுத்துடுங்கம்மா. எந்த நாள்னு சொல்லுங்க, நான் வந்துடறேன்." குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"என்னக்கா?"

"அது எனக்கு நல்லது செஞ்சுது சாமி. மொபெட்டில ஏத்துச்சு. சர்க்கரையைக் குறைச்சுது. தூக்கி எறியற மாதிரி இருக்கு."

"நல்லது செஞ்ச விருந்தாளியை எப்படி அனுப்புவீங்க?"

"கும்பிட்டு அனுப்புவேன்."

"அப்படியே அனுப்புங்க."

"எடுத்த பிறகு எடை ஏறுச்சுன்னா?"

"ஏறினா வாங்க. நம்ம வாசக்கதவு என்ன மினிபஸ் கதவா, ஆள் நிறைஞ்சா சாத்திக்கிட்டுப் போக?"

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சாதம் என்று டாக்டரம்மா சொன்ன வரிசை தப்பாமல் சாப்பிட்டாள். படுத்தால் இருமல் வரவில்லை. எடை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. இரண்டு ரவிக்கைக்குப் பக்கத்தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள். தையல்காரி ஆயிற்றே, அதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை.

தைப்பூசத்தன்று அன்னசாலையில் பெரிய பந்தி. எதையும் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்சவல்லி நடு வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் சிற்றம்பலம். அவர் கை சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

வீரபாகு பேசினோடு வந்தார். அன்று பரிமாறும் முறை அவருடையது. ஒரு கரண்டி போட்டார். இரண்டாவது போட்டார். மூன்றாவது பாதி விழும்போது அம்சவல்லி கையை நீட்டினாள். அவசரமில்லாமல், கொசுவை ஓட்டுவது மாதிரி சாதாரணமாக நீட்டினாள்.

வீரபாகு கரண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

சாம்பார் வந்தது. பிசைந்தாள். முதல் வாய் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். வரிசை முழுக்கத் தலை திரும்பியிருந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். நாலாவது வாயில் வெண்டைக்காய்ப் பொரியலையும் சேர்த்துக்கொண்டாள். எல்லாம் வழுவழுவென்று இறங்கியது. பட்டை நழுவியதிலிருந்து எந்தப் பந்தியிலும் அவள் எழுந்து ஓடுகிற நேரம் வந்தது. வந்து, போனது. அவள் அப்பளத்தை நொறுக்கினாள்.

சிற்றம்பலம் சட்டைப் பையிலிருந்து பாலிதீன் பையை எடுத்தார். அதில் இரண்டு வடையைப் போட்டு, "பிள்ளைங்களுக்கு" என்றார்.

பேசக் கூடாத பந்தியில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். எச்சில் கையோடு எப்படித் தட்டினார்களோ தெரியாது, சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டது. வழக்கம் கெட்டுப்போகிறதே என்று சாமி அதட்டவில்லை. பாயசத் தூக்குவாளியை வைத்துவிட்டு அவரும் தட்டினார்.

அம்சவல்லி இலையை மடித்தாள். உள்ளே பசி அடங்கியிருந்தது, நெஞ்சு லேசாக இருந்தது. சந்தோஷத்தின் நடுவிலேயே அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டது. பாயசம் ஊற்ற வந்த சாமியின் வேட்டி நுனியைப் பிடித்தாள்.

"சாமி, இன்னிக்குக் கை வந்துடுச்சு. நாளைக்கும் வருமா?"

சாமி தூக்குவாளியை வீரபாகுவிடம் கொடுத்தார். காலையிலிருந்து சாமி இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. வரிசையின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். எங்கும் இடமில்லை.

"நாளைக்குப் பசி நாளைக்குத்தான் வரும்க்கா. எனக்கு இப்போ பசிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காந்து இடம் விடுங்க."