மூலைமட்டம் பிடித்த ராஜா

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வரி கேட்டு ஆள் வந்துவிடுமோ என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். கப்பல் வியாபாரி ஒருவன் அவருக்கு வெள்ளியில் செய்த மூலைமட்டம் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். தச்சர்கள் பலகையின் விளிம்பு நேராக நிற்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். கொடுத்தவன் கப்பலேறிப் போய்விட்டான். அகப்பட்டுக்கொண்டது அரண்மனை.

ராஜா தூணில் வைத்துப் பார்த்தார், கதவில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆட்களின் முதுகில் வைக்க ஆரம்பித்தார். கூன் விழுந்த அரண்மனைத் தச்சனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். மந்திரிகள் உலக்கையை விழுங்கியவர்கள் மாதிரி விறைத்து நடந்தார்கள். கடைசியில் மகாராணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊஞ்சல் பலகையில் வைத்தார். அது மயிரிழை கோணல். கோடாலியால் நடுவில் பிளக்கச் சொல்லிவிட்டார்.

மகாராணி அழவில்லை. வண்டி பூட்டச் சொன்னாள்.

"இந்த ரெண்டு பலகையும் முடி நுழையாம ஒண்ணா சேரட்டும், நான் இருக்கேன். சேரலைன்னா வெள்ளிக்கிழமை கிளம்பிடுவேன்."

ராஜாவுக்கு அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் தச்சனைத் திரும்பக் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. அப்போது தலைமை மந்திரி மழவராயர் எழுந்தார். விகடகவி மருதையன் வாயைத் திறந்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, நம் மருதையன் வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டு மரம் இழைக்கிறானாம். அவன் சேர்க்கட்டும். சேராவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"ஆகட்டும்" என்றார் ராஜா.

மருதையனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய இழைப்புளி. அவன் கையோ எப்போதும் வலப்பக்கம் சாயும். எத்தனை முறை இழைத்தாலும் விளிம்பு சரிவாகவே வரும். அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், மழவராயருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் வண்டி நின்றது. மருதையன் இரண்டு பலகைகளையும் சபையில் வைத்தான். மழவராயர் மூலைமட்டத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒன்றில் வைத்தார். கோணல். மற்றதில் வைத்தார். அதுவும் கோணல்.

"பார்த்தீர்களா மகாராஜா! ஒன்றாவது நேராக இருக்கிறதா? ஏனப்பா மருதையா, மூட்டை கட்டிவிட்டாயா?"

"கோணல்தான் ஐயா. நான் இல்லேன்னு சொன்னேனா? சேரணும்னுதான் உத்தரவு. தனித்தனியா நேரா இருக்கணும்னு யாரும் கேட்கலையே!"

சொல்லிக்கொண்டே பலகைகளைத் தரையில் கிடத்தி ஒன்றோடொன்று நெருக்கினான். "முடி நுழையுதான்னு பார்க்கணுமில்ல? ஐயா மீசையில நிறைய இருக்கு" என்று எட்டி ஒன்றைப் பிடுங்கினான். மழவராயர் அலறினார். முடி நுழையவில்லை. பலகை, தண்ணீர் தேங்கிய தரைபோல மட்டமாகக் கிடந்தது.

ராஜா குனிந்து விரலால் தடவினார். "இரண்டும் கோணல். சேர்ந்தால் நேர். எப்படி?"

"கும்பிடுகிற கை மாதிரி ரெண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, பிளந்த விளிம்பு ரெண்டையும் ஒரே இழைப்பில் இழைத்தேன், மகாராஜா. கும்பிட்ட கையைப் பிரசாதம் வாங்க விரிப்போமே, அப்படி விரித்தேன். ஒன்று எவ்வளவு உள்ளே சாய்கிறதோ, மற்றது அவ்வளவு வெளியே சாயும். என் கையின் குற்றம் ரெண்டுக்கும் பங்காகிவிட்டது."

ராஜா பலகைகள் சேர்ந்த இடத்தை மறுபடியும் தடவினார். வாசலில் மாடு மணியை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு வருஷம் நானும் அவளும் ஒன்றாகத்தான் இழைபட்டோம்" என்றார் மெல்ல. பிறகு நிமிர்ந்து, "அப்படியானால் நான் கோணலா?" என்று கேட்டார்.

சபை முழுவதும் கூரையைப் பார்த்தது.

"தங்களை மட்டும் அளந்தால் கோணல், மகாராஜா. மகாராணியாரை மட்டும் அளந்தாலும் கோணல்தான்."

மழவராயர் வாளைத் தேடுகிற பாவனையில் அக்கம்பக்கம் பார்த்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. "யாரங்கே, மாட்டை அவிழ்க்கச் சொல்லு" என்றாள் மகாராணி.

ராஜா துள்ளி எழுந்தார். தச்சனைப் பல்லக்கு அனுப்பி அழைத்துவரச் சொன்னார். வஜ்ஜிரப் பசை காய்ச்சச் சொன்னார். "மருதையா, நாங்கள் எப்போது ஊஞ்சலில் உட்காரலாம்?"

"பசை காயணும், மகாராஜா. கயிறு கட்டி ஆப்பு இறுக்கி வைக்கணும். அவசரப்பட்டால் மறுபடியும் பிளக்கும்."

"அதுவரை?"

"அதுவரைக்கும் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல தரையில உட்கார்ந்திருங்க. ஒருத்தர் முதுகை ஒருத்தர் அளக்காம."

ராஜா கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். நழுவியதைத் தலையில் வைக்காமல் மருதையன் மடியில் வைத்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.