இரும்புப் பெட்டிக்குள் போன இட்லிக் கொப்பரை

வேம்புவின் இட்லி வராமல் வேலை தொடங்காத பேங்க் ஒன்று இருந்தது. மேனேஜர் தணிகாசலம் காலையில் ஆறு இட்லியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் அடுத்தவரை அதட்டவே ஆரம்பிப்பார்.

ஒருநாள் வேம்பு அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, கையால மாவாட்டி முடியல. கிரைண்டர் வாங்கக் கடன் வேணும். எங்க மகளிர் குழு மொத்தமும் எனக்குப் பொறுப்பேத்துக்குது."

"ஏழைங்க கூட்டமா வந்தா பணக்காரங்களா ஆயிடுவீங்களா?" என்று சிரித்தார் மேனேஜர். "உன்கிட்ட இருக்கறதுலயே விலை கூடின பொருளைக் கொண்டா. என் இரும்புப் பெட்டியில வச்சுப் பூட்டினாத்தான் கடன்."

அன்று சாயங்காலமே வேம்பு தன் இட்லிக் கொப்பரையைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தாள். மேனேஜரும் விறைப்பாக வாங்கிப் பூட்டினார். "பணம் நாளைக்கு" என்றார்.

மறுநாள் காலை இட்லி வரவில்லை. கேஷியர் கொட்டாவி விட்டார். சர்க்கரை வியாதிக்கார மேனேஜருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஆளனுப்பி வேம்புவை வரவழைத்தார்.

"எங்கேம்மா இட்லி?"

"கொப்பரை உங்க பெட்டியில பத்திரமா இருக்குங்கய்யா."

"இப்படிச் சும்மா உட்கார்ந்துட்டா கடனை எப்படி அடைப்பே?"

"அதைத்தான் நானும் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

மேனேஜர் இரும்புப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். வேம்பு தொடர்ந்தாள்.

"எனக்குக் காய்ச்சல்னா குழுவுல இன்னொருத்தி வந்து இட்லி அவிப்பா, தவணையும் கட்டுவா. உங்க பெட்டி அவிக்குமாங்கய்யா?"

கேஷியர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜர் பெட்டியைத் திறந்து, கொப்பரையை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

"குழுவைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்குங்க" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு முன்னாடி அடுப்பைப் பத்தவை."